ஆய்வு தொடங்கும் நாளிலேயே நூலகரைக் கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரூர் வட்டாரத்தில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். பிஎச்.டி. ஆய்வாளர்கள் எங்களைத் தேடி வருவது பெரும்பாலும் இரண்டு வேலைகளுக்குத்தான். ஆய்வேட்டைக் கருத்துத் திருட்டுச் சோதனை மென்பொருளில் போட்டுச் சான்று வாங்க வருவார்கள். அப்புறம், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏற்றுவதற்குக் கோப்புகளை அத்தியாயம் வாரியாகப் பிரித்துக்கொள்ள வருவார்கள். இரண்டுமே ஆய்வு முடிந்த பிறகு நடப்பவை. அந்த நேரத்தில், "இந்த அட்டவணைக்கெல்லாம் அடிப்படையான டேட்டா எங்கே?" என்று கேட்டால், பழைய லேப்டாப்பில் இருந்தது, பென் டிரைவ் கெட்டுவிட்டது, டைப் அடித்த கடையில் இருந்தாலும் இருக்கும் என்றெல்லாம் பதில் வருகிறது. கேட்கும்போது வயிறு எரிகிறது. அந்த எண்கள் நம் ஊர்க் கிணறுகளிலும் கேழ்வரகு வயல்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் எடுத்தவை.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் நெறியாளர்களாக இருப்பவர்களுக்கும், இந்த இரண்டு மாவட்டக் கல்லூரிகளும் இணைந்துள்ள பெரியார் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கோரிக்கை வைக்கவே இதை எழுதுகிறேன். ஆய்வாளர் பதிவு செய்து ஆய்வைக் கண்காணிக்கும் டாக்டோரல் கமிட்டி முதல்முறை கூடும்போதே, தரவை எப்படிச் சேர்ப்பார், எங்கே வைப்பார், முடிந்த பிறகு யாருக்கு எந்த நிபந்தனையோடு தருவார் என்று இரண்டு பக்கத்தில் ஒரு திட்டம் கொடுக்க வேண்டும். அதை எழுதும்போது கல்லூரி நூலகர் கூட உட்கார வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு விஷயம். தருமபுரிக்காரர்களுக்கு ஃப்ளூரைடு பற்றி விளக்க வேண்டியதில்லை. பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீராதாரமே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. ஜப்பான் கடனுதவியோடு 2008-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் எந்த ஊர்க்காரர்கள் எந்தக் கிணற்றில் எவ்வளவு ஃப்ளூரைடு குடித்தார்கள் என்று தெரிந்தால்தான், காவிரித் தண்ணீர் வந்ததால் என்ன மாறியது என்று சொல்ல முடியும். இதை ஆராய நினைத்த ஒரு வேதியியல் மாணவிக்காகப் பழைய ஆய்வேடுகளைத் தேடினேன். பொருத்தமான ஒன்று கிடைக்கவும் செய்தது. ஆனால் அதில் ஒன்றியம் வாரியான சராசரி மட்டும்தான் இருந்தது. கிணறு வாரியான எண்கள் இல்லை. தண்ணீரை மழைக்கு முன் எடுத்தார்களா பின் எடுத்தார்களா, மின்முனை வைத்து அளந்தார்களா, நிறமாற்ற முறையில் அளந்தார்களா என்ற குறிப்பும் இல்லை. எழுதியவரைக் கண்டுபிடித்துப் பேசினோம். அன்பாகத்தான் பேசினார், ஆனால் கையில் எதுவும் மிச்சமில்லை. அன்றைய கோடையில் அந்தக் கிணறுகளில் இருந்த தண்ணீரை இனி யாரும் போய் அளந்து வர முடியாது.

இது நம் பகுதி ஆட்களின் அலட்சியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். செடிகள், விலங்குகளின் உடல் அளவுகளைப் பற்றி வெளிவந்த 516 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் மூலத் தரவு இன்னும் இருக்கிறதா என்று எழுதியவர்களிடமே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2014-இல் கரண்ட் பயாலஜி இதழில் அந்த முடிவு வந்தது. கட்டுரைக்கு வயது ஒன்று கூடக்கூட, தரவு உயிரோடு இருக்கும் சாத்தியம் ஆண்டுக்கு 17 சதவீதம் வீதம் குறைந்துகொண்டே போகிறதாம். பழைய மின்னஞ்சல் முகவரிகள் வேலை செய்யாமல் போவதும் ஒரு காரணம். வசதியான ஆய்வுக்கூடங்களிலேயே இந்த நிலை.

அதனால்தான் பணம் கொடுக்கும் நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011 ஜனவரி முதல் நிதி கேட்பவர்களிடம் தரவு மேலாண்மைத் திட்டம் கேட்கிறது. அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2023 ஜனவரி 25 முதல், தரவை எப்படிப் பராமரித்துப் பகிர்வீர்கள் என்று இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தரச் சொல்கின்றன. அதற்கு ஆகும் செலவையும் நிதிக் கோரிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம். நம் நாட்டிலும் 2012-இல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை வந்தது. அது அரசுத் துறைகளின் தரவுக்கானது. 2014-இல் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து, தங்கள் நிதியில் நடக்கும் ஆய்வுகளின் கட்டுரைகளைத் திறந்த நிலையில் வைக்கச் சொன்னன. உயிரியல் தரவைச் சேமிக்கவென்றே 2022-இல் பரிதாபாத்தில் ஒரு தேசிய மையம் திறக்கப்பட்டது. டெல்லியிலும் பரிதாபாத்திலும் நடப்பது சரி, ஆனால் அரூரில் பஸ் ஏறி வந்து படிக்கும் ஆய்வாளரிடம் இப்படி ஒரு தாளை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நூலகருக்கு இதில் என்ன வேலை என்று ஒரு பேராசிரியர் என்னிடம் நேராகவே கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஊர்ப் பெயரில் இருந்தே தொடங்குகிறேன். நம் பக்கம் எத்தனை கொட்டாய்கள் இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். யாரோ ஒரு முன்னோர் பெயரோடு கொட்டாய் சேர்த்து ஒரு குக்கிராமம். அதே பெயரில் பக்கத்து ஒன்றியத்திலும் ஒன்று இருக்கும். ஆய்வாளர் எக்செல்லில் ஒரு வரிசையில் ஒரு மாதிரியும் அடுத்த வரிசையில் வேறு மாதிரியும் எழுதிவைப்பார். பென்னாகரத்தையே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக அடித்த கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். கணினிக்கு அவை வெவ்வேறு ஊர்கள். ஒரே ஆசிரியரின் பெயர் நான்கு விதமாக அச்சாகியிருந்தாலும் ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்து பட்டியல் போடுவதுதான் நூலகரின் அன்றாடத் தொழில். அதையே இங்கேயும் செய்கிறோம். ஒவ்வொரு ஊருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமக் குறியீட்டை ஒரு தனி நெடுவரிசையில் போடச் சொல்கிறேன். குக்கிராமமாக இருந்தால் எந்த வருவாய்க் கிராமத்தைச் சேர்ந்தது என்பதையும் எழுத வேண்டும்.

மாவட்ட எல்லையும் அப்படித்தான். 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2001 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டம் என்றால் ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் அதற்குள் இருக்கின்றன. 2011-இல் இல்லை. 1965-க்கு முன் போனால் எல்லாமே சேலம். சூளகிரி, அஞ்செட்டி தாலுகாக்கள் இன்னும் பிந்தியவை. பொருளாதார ஆய்வேடுகளில் 2001 எண்ணையும் 2011 எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'தருமபுரியில் மக்கள்தொகை சரிந்தது' என்று முடிவுக்கு வந்துவிடும் ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது. தரவுக் கோப்போடு ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு வைத்து, "இதில் தருமபுரி என்பது 2004 பிரிவினைக்கு முந்தைய எல்லை" என்று ஒரு வரி எழுதினால் போதும். 'ரீட்மீ' கோப்பு என்று இதைச் சொல்வார்கள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் என்ன பொருள், என்ன அலகு, விடுபட்ட இடத்தில் என்ன குறி போட்டிருக்கிறோம், எந்தத் தேதியில் யார் திருத்தியது என்பதெல்லாம் அதில்தான் இருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-இல் அறிவிப்பு வந்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். கரிமத் துண்டு எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடைத்தது என்று அகழாய்வுக் களத்தில் அன்றைக்கே எழுதிவைப்பதால்தான் இப்படி ஒரு கணிப்பு நிற்கிறது. குறிப்பு இல்லாத கரித்துண்டுக்கு மதிப்பில்லை. எங்கள் வரலாற்றுத் துறை மாணவர்கள் நடுகற்களைத் தேடி வயல்வெளியெல்லாம் அலைகிறார்கள். நல்ல உழைப்பு. ஆனால் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பி, அவர் கணினியில் இறக்கித் தொகுப்பார்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். எங்கே, எப்போது எடுத்தது என்று படத்துக்குள் பதிந்திருந்த தகவலும் போய்விடும். சாலை அகலப்படுத்தும்போது நடுகல் இடம் மாறினால், முன்பு எங்கே நின்றது என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி. கேமராவில் இருந்து நேராகக் கேபிள் போட்டு இறக்குங்கள், பெயரில் தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் போடுங்கள், அப்போது கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும் என்று முதல் மாதமே சொன்னால் செய்கிறார்கள். மூன்று வருடம் கழித்துச் சொன்னால் அழத்தான் முடியும்.

எக்செல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயதுப் பிரிவை 5-10 என்று அடித்தால் அது அக்டோபர் 5 என்று தேதியாக்கிவிடும். இது உலகப் பிரச்சினை. மார்ச்1, செப்ட்1 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. ஆகவே மூலக் கோப்பு ஒன்றைத் தொடாமல் தனியாக வைத்து, அதன் நகலில்தான் வேலை செய்ய வேண்டும். கடைசியில், வெறும் எழுத்தாகவே சேமிக்கும் சிஎஸ்வி வடிவிலும் ஒரு பிரதி எடுக்க வேண்டும். எந்த மென்பொருள் மறைந்தாலும் அது திறக்கும்.

தமிழ்த் துறை ஆய்வாளர்களுக்கு வேறொரு துயரம். சித்தேரி மலையில் பாட்டுகளைப் பதிவு செய்து, எழுதி, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும்தான் தெரியும். 2010-இல் தமிழ்நாடு அரசு யுனிகோடை ஏற்று ஆணையிட்ட பிறகும் இந்தப் பழக்கம் முழுசாகப் போகவில்லை, ஏனென்றால் டைப் அடிக்கும் கடைகள் மாறவில்லை. எழுத்துரு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வேலையை நூலகத்தில் நாங்கள் மனமாரச் செய்து தருகிறோம்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. பகிர்வது என்றால் எல்லாவற்றையும் இணையத்தில் கொட்டுவது என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. நம் மாவட்டத்தில் குழந்தைத் திருமணம், பெண் சிசுக் கொலை, பிறப்புப் பாலின விகிதம் என்று எவ்வளவோ ஆய்வு நடந்திருக்கிறது. பெண்கள் வாய்விட்டுப் பேசியிருக்கிறார்கள். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று ஆய்வாளர் நினைப்பார். 'மூன்றாவதும் பெண் குழந்தை, கணவர் பெங்களூருவில் கட்டட வேலை, மாமியார் மருத்துவச்சி' என்று அந்தக் கொட்டாயின் பெயரோடு எழுதினால் அது யார் என்று ஊருக்கே தெரியும். ஊர்ப் பெயரை ஒன்றியப் பெயராக்குவது, வயதைப் பிரிவாக்குவது, தொழிலைப் பொதுவாகச் சொல்வது என்று வழிகள் உண்டு. அதற்கும் மீறி அடையாளம் தெரியும் என்றால், அந்தப் பேட்டிகளைத் திறக்கவே கூடாது. தரவின் விவரக் குறிப்பை மட்டும் வெளியிட்டு, தகுதியுள்ளவர் காரணம் சொல்லி விண்ணப்பித்தால் பார்க்கலாம் என்று வைக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளும் 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஆய்வாளர் கையில் இருக்க வேண்டும். நூலகர் நெறிமுறைக் குழு ஆகிவிட முடியாது. எந்தக் கேள்வியை அந்தக் குழுவிடம் கொண்டுபோக வேண்டும் என்று அடையாளம் காட்டலாம்.

ஒப்புதல் படிவத்தில் உள்ள ஒற்றை வரிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வேறு எங்கோ இருந்து நகலெடுத்த படிவத்தில், 'இத்தகவல் என் ஆய்வுக்கு மட்டுமே, பிறகு அழிக்கப்படும்' என்று இருக்கும். அதைப் படித்துக் காட்டிக் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிவிட்டால், பிறகு பகிர்வது வாக்கு மீறல். 'அடையாளம் நீக்கி வேறு ஆய்வாளர்களுக்கும் தரலாமா?' என்று தனியாக ஒரு கேள்வி வைத்து, வேண்டாம் என்று சொல்லவும் இடம் விட்டால் சரியாகிவிடும். களத்துக்குப் போகும் முன் மாற்ற வேண்டிய வரி இது. நூலகரை முதல் நாளே கூப்பிடுங்கள் என்று நான் கெஞ்சுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

மலைவாழ் மக்களின் மூலிகை அறிவு, பாட்டு, சடங்கு பற்றிய பதிவுகளில் தனி மனிதரின் சம்மதம் மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. பழங்குடி மக்களின் தரவுக்காக 2019-இல் வகுக்கப்பட்ட 'கேர்' கோட்பாடுகள், அந்தச் சமூகத்துக்கு நன்மை கிடைக்க வேண்டும், கட்டுப்பாடும் அவர்களிடமே இருக்க வேண்டும் என்கின்றன. இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்ப் பெரியவர்களிடம் ஒலிப்பதிவின் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு வருவதில் இருந்தாவது இதைத் தொடங்கலாம்.

எங்கே வைப்பது? கல்லூரி மின்னஞ்சலோடு கிடைத்த டிரைவில் வைத்தால், கணக்கை மூடும்போது தரவும் போய்விடும். ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையமான செர்ன் நடத்தும் ஜெனோடோ என்ற இணையத் தரவுக் களஞ்சியம் 2013 முதல் இருக்கிறது. எந்த நாட்டு ஆய்வாளரும் ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இலவசமாகப் போடலாம். அந்தப் பதிவை அடையாளம் காட்டும் நிலையான டிஓஐ எண் கிடைக்கும், அதை வைத்து மற்றவர்கள் மேற்கோள் காட்டலாம். சமூக அறிவியலுக்கு நம் நாட்டிலேயே இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎஸ்எஸ்ஆர்) தரவுச் சேவை இருக்கிறது. "என் ஸ்டூடண்ட் கஷ்டப்பட்டு எடுத்ததை வேறொருவர் தூக்கிக்கொண்டு போய் பேப்பர் போட்டுவிட்டால்?" என்று நெறியாளர்கள் கேட்கிறார்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வு முடிந்து கட்டுரை வரும்வரை கோப்பைப் பூட்டி வைக்கும் வசதி இந்த இடங்களில் உண்டு. ஏற்றிய தேதி அழியாமல் நிற்பதால், யார் முதலில் எடுத்தது என்பதற்கும் அதுவே சான்று.

நூலகர்களின் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். பல கல்லூரிகளில் ஒரே நூலகர். புத்தகம் கொடுக்க, வாங்க, கல்லூரித் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்குக் கோப்பு தயாரிக்க என்று நாள் ஓடிவிடுகிறது. எங்களில் பலர் படித்த காலத்தில் நூலக அறிவியல் பாடத்தில் இதெல்லாம் இல்லை. ஆனால் கற்றுக்கொள்ள முடியாத வித்தை இது கிடையாது. தரவு மேலாண்மைத் திட்டம் எழுத உதவும் இணையதளங்களான கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டிஎம்பிடூல், பிரிட்டனின் டிஎம்பிஆன்லைன் இரண்டிலும் மாதிரித் திட்டங்கள் திறந்தே கிடக்கின்றன. இரண்டு மாவட்ட நூலகர்களும் பருவத்துக்கு ஒருமுறை தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ கூடி, நாங்கள் பார்த்த கோப்புகளையும் சிக்கல்களையும் பேசினாலே பாதி பயிற்சி முடிந்துவிடும். அந்த நாளைப் பணி நாளாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள முதல்வர்கள் அனுமதித்தால் போதும், வேறு செலவு இல்லை.

பல்கலைக்கழகத்திடம் கேட்பதும் சிறியதுதான். முதல் கமிட்டிக் கூட்டத்தின் தாள்களில் இந்த இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆய்வேடு சமர்ப்பிக்கும்போது தரவு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, திறந்ததா பூட்டியதா என்று ஒரு வரி கேட்க வேண்டும். கூடவே, ஆய்வு நடந்த ஊருக்குத் திருப்பிக் கொடுக்க தமிழில் ஒரு பக்கம். தன் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கொடுத்த விவசாயிக்கு அதில் எவ்வளவு ஃப்ளூரைடு இருந்தது என்று தெரிய வேண்டாமா? அந்தப் பக்கத்தை ஊர்ப்புற நூலகத்தில் ஒட்டிவைக்க எங்கள் துறை நண்பர்கள் மறுக்க மாட்டார்கள்.

நான் ஆய்வாளர்களோடு உட்கார்ந்து நிரப்பும் இரண்டு பக்கத் தாள் தமிழிலேயே இருக்கிறது. அறிவியல், சமூக அறிவியல், தமிழ் மூன்றுக்கும் பொதுவானது. ஒப்புதல் பற்றிய பகுதியை மட்டும் துறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். நம் மாவட்டங்களின் நூலகர்கள், நெறியாளர்கள் யார் கேட்டாலும் கொடுக்கிறேன். திருத்தி, கூட்டி, தங்கள் கல்லூரிப் பெயரைப் போட்டே பயன்படுத்தலாம்.

இப்படிக்கு,
கல்லூரி நூலகர்,
அரூர், தருமபுரி மாவட்டம்.